நாற்பத்தொரு சிவப்பு எண்கள்

மூணு கோட்டிங் என்று கேட்டால்தான் அந்த ஊரில் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் பத்திரமாக இருந்தது. வெறுமனே பெயின்டர் என்று விசாரித்தால், "சொன்ன நாள்ல முடிப்பாரே அவரா, முடிக்கவே மாட்டாரே அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இவர் இரண்டாவது ரகம். ஒரு கோட்டிங் போதும் என்று சொன்ன வீட்டுக்காரருக்கும் மூன்று அடிப்பார். மூன்றாவதற்குக் கூலி வாங்க மாட்டார். ஆனால் அது காய்கிறவரை யாரையும் உள்ளே விடவும் மாட்டார். ஒரு பல் டாக்டர் தன் சொந்த கிளினிக்குக்கு வெளியே அரைநாள் நின்று நோயாளிகளின் வாயை வெயிலில் பார்த்தது இவர் புண்ணியத்தில்தான்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான ஆள். சட்டையில் ஒரு சொட்டு பெயின்ட் இருக்காது. சுவரில் அடிக்க வேண்டியதைச் சட்டையில் ஏன் அடிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. சுவருக்கு வர்ணம் அடிப்பது பாதித் தொழில், எழுத்து எழுதுவது மீதி. பேருந்து எண், கடைப் பலகை, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' எல்லாம் அவர் கைதான். வண்டி நிறுத்தாதே என்பதைக்கூட அவ்வளவு அழகாக எழுதுவார், அதைப் பார்ப்பதற்காகவே வண்டியை நிறுத்துவார்கள்.

அவர் மனைவியின் தம்பியும் பெயின்டர்தான். மாமாவிடம் தொழில் கற்றவன், ஆனால் மாமாவின் பொறுமையை மட்டும் கற்கவில்லை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, சாயங்காலம் முன்பணம் வாங்க ஒரு வீடு என்று பறப்பான். ஊர் அவனுக்கு ஒரு கோட்டிங் என்று பெயர் வைத்தது. அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற ஜென்மம் அது.

அந்த வருஷம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. மேலே அணையை எப்போது திறந்தார்கள், திறக்கப்போவதை யாருக்குச் சொன்னார்கள் என்று கேட்டவர்களுக்கு 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் வந்தது. அந்த விசாரணை இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் நாலு நாள் நின்று வடிந்தது. ஆற்றங்கரைத் தெருவும் அதற்குப் பின்னால் இருந்த மரக்கடைத் தெருவும்தான் அதிகம் அடி வாங்கின. வீடுகள் விழவில்லை. விழுந்திருந்தால்கூட ஒரேயடியாகத் தெரிந்திருக்கும். சுவர்கள் நின்றன, அடியில் மண்தான் போய்விட்டது.

பெயின்டரின் அக்கா ஆற்றங்கரைத் தெருவில் இருந்தாள். தையல்காரி. புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். பின்னறைச் சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது. அக்கா வாரத்துக்கு ஒருமுறை இஞ்ச் டேப்பை வைத்து அதன் அகலத்தை அளந்து பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதிவைப்பாள். ஒரு இஞ்ச், ஒன்றேகால், ஒன்றரை. யாரோ ஒரு குண்டான வாடிக்கையாளருக்கு ரவிக்கை அளவு எடுப்பதுபோல் இருக்கும். சிரிப்பு வரும், பயமாகவும் இருக்கும். அந்த அறையை விட்டால் படுக்க வேறு இடமில்லை. முன்னறை முழுக்க தையல் மெஷினும் துணி மூட்டையும்.

அப்போதுதான் ஒரு வெளிநாடு உதவிக்கு வந்தது. இடிக்க வேண்டிய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். முந்தைய வெள்ளத்தின்போது நம் ஆட்கள் கொடுத்த பட்டியலில் ஒரு மாட்டுக் கொட்டகை மூன்று வீடாகப் பிறவி எடுத்திருந்தது. ஒரு முகவரி ஆற்றுக்கு நடுவில் இருந்தது. அவர்களுக்கு அது மறக்கவில்லை. பட்டியலை மேசையில் உட்கார்ந்துகொண்டே எழுதிவிடலாம், சுவரில் எழுத வேண்டுமானால் அங்கே ஒரு சுவர் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் பொறியாளர் வீடு வீடாகப் பார்த்து, இடிக்க வேண்டியது என்று முடிவு செய்தால், முன்சுவரில் வட்டம் போட்டுச் சிவப்பில் ஒரு எண் எழுத வேண்டும். பிறகு வெளிநாட்டுக்காரர்களின் கணக்கெடுப்புக் குழு தெருவில் நடந்து போய் எண்களைப் பார்க்கும். பட்டியலிலும் சுவரிலும் எண் இருந்தால்தான் வீடு. இதெல்லாம் கைபேசியில் படம் பிடிக்கிற காலத்துக்கு முன்னால் நடந்தது.

எண் எழுதும் வேலை பெயின்டருக்குக் கிடைத்தது. ஆற்றங்கரைத் தெருவில் நாற்பத்தொன்று, மரக்கடைத் தெருவில் முப்பத்தாறு. கம்பி பிரஷ்ஷால் சுவரின் பூசணத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, காம்பஸ் வைத்த மாதிரி வட்டம் போட்டு, நல்ல எனாமலில் எழுதினார். கூட வந்த பொறியாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா, இடிக்கப்போற சுவருக்கு இவ்வளவு எதுக்கு?"

"இடிக்கிற வரைக்கும் நிக்கணும்ல சார்."

அக்கா வீட்டுக்குப் பதினேழாம் எண். அன்றைக்கு அக்கா தெருவில் நின்று அந்தப் பதினேழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மழைக்கு முன்னாடி கட்டிடுவாங்களாடா?" என்று கேட்டாள். "கட்டிடுவாங்கக்கா" என்றார், அவரே கான்ட்ராக்ட் எடுத்த மாதிரி.

இரண்டு மாதம் கழித்து நிவாரண அலுவலகத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த கண்காணிப்பாளரைக் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார், அவ்வளவுதான். அன்றைக்கும் நின்றுகொண்டு பேசி முடித்துவிட்டு, உட்காராமலே சொன்னார்.

"அடுத்த வாரம் வெளிநாட்டுப் பிரதிநிதி வர்றாரு. ரெண்டு தெருவுக்கும் முன்சுவரெல்லாம் வெள்ளை அடிச்சிடணும். நீயும் உன் மச்சினனும் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்குங்க."

"வெள்ளை அடிச்சா நம்பர் மறைஞ்சிடுமே சார்?"

"மறையட்டுமே. ஊரே அடிபட்டுக் கிடக்கிற மாதிரி செக்கச்செவேல்னு தெரியணுமா? முன்னேற்றம் தெரியணும்னு மேல சொல்றாங்க. பட்டியல் நம்மகிட்ட இருக்கு. நீ வேலையைப் பாரு."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எண்ணை மறைத்தால் நாளைக்கு வருகிற கணக்கெடுப்புக் குழு எதைப் பார்க்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். நம் ஆளுக்கு அது தோன்றவில்லை. எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காதே என்றுதான் தோன்றியது. அவர் புத்தி எப்போதும் சுவரோடு நின்றுவிடும்.

எனாமல் வழுவழுப்பு. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தால் பார்க்க வெள்ளையாக இருக்கும், இரண்டு மழை பெய்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். இது எந்தப் பெயின்டருக்கும் தெரியும். மச்சினனுக்கும் தெரியும். தெரிந்துதான் அவன் மரக்கடைத் தெரு முப்பத்தாறு வீட்டையும் ஒன்றரை நாளில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனான். பெயின்டரோ தகட்டால் எண்களைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாள் போட்டு, சிமெண்டுப் பூச்சு தெரிகிறவரை உரசினார். பள்ளத்துக்குப் பட்டி வைத்தார். அது காய்ந்ததும் மறுபடி உரசினார். அதற்கு மேல் பசை கலந்த சுண்ணாம்பு மூன்று கோட்டிங். விடிந்ததும் தொடங்கி இருட்டும்வரை ஐந்து நாள் தனியாளாக வேலை. மக்கள் அவரவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உரசல் நடந்ததாலும், அக்கா உள்ளே தையல் மெஷின் சத்தத்தில் இருந்ததாலும், அவர் என்ன செய்தார் என்று யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது தெரு பளிச்சென்று இருந்தது. அக்காகூட, "கல்யாண வீடு மாதிரி இருக்குடா" என்று டீ போட்டுக் கொடுத்தாள்.

வெளிநாட்டுப் பிரதிநிதி வந்தார். தெரு சேறாக இருந்ததால் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்துக் கணக்கெடுப்புக் குழு வந்தது. அதற்குள் நல்லதாக இரண்டு கோடை மழை பெய்திருந்தது. மரக்கடைத் தெருவில் மச்சினன் அடித்த சுண்ணாம்பு மொத்தமும் உதிர்ந்து, முப்பத்தாறு சிவப்பு எண்களும் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றன. குழு எண்ணியது, டிக் போட்டது, போய்விட்டது. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார்கள். திரும்பி நடந்தார்கள். வெள்ளைச் சுவர்தான். பட்டியலில் நாற்பத்தொன்று, சுவரில் ஒன்றுமில்லை.

அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெள்ளை அடிக்கச் சொன்னது நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். கண்காணிப்பாளர் அந்த ஒரு வரியை எழுதவில்லை. 'மேற்படி நாற்பத்தொரு வீடுகள் கவனக்குறைவால் பட்டியலில் சேர்ந்துவிட்டன, நீக்கப்படுகின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடுகளைப் பார்த்த பொறியாளர் வேறெங்கோ மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குத் தெருக்காரர்கள் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.

மரக்கடைத் தெருவில் நடந்ததைப் பார்த்து ஆற்றங்கரைத் தெருக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அங்கே உதிர்ந்த சுண்ணாம்பு இங்கே உதிராதா? ஒரு நாள் காலையில் தெரு முழுக்க ஆளுக்கொரு வாளியும் பிரஷ்ஷுமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் விஷயம் கேள்விப்பட்டு ஓடினார். அக்கா முழங்கைவரை நனைந்து, பதினேழு இருந்த இடத்தைத் துணி துவைப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கோட்டிங்கில் பாதிகூட வரவில்லை. வந்த இடத்திலும் பட்டிதான் தெரிந்தது.

"ஏண்டா, நம்பர் எங்கடா போச்சு? நீதானே எழுதுன?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அவர் வாயில் வந்தது வேறு.

"நல்லா ஊறட்டும்க்கா. அப்புறம் வரும்."

அக்கா மேலும் இரண்டு நாள் தேய்த்தாள். கைத்தோல் உரிந்து, ஊசி பிடிக்க முடியாமல் தைக்க வேண்டிய துணியெல்லாம் குவிந்து கிடந்தது. மூன்றாம் நாள் அவளே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கே சந்தேகமா இருக்குடா. நிஜமாவே நம்பர் இருந்துச்சா, இல்ல நாமளா நினைச்சுக்கிட்டமா?" என்றாள். பெயின்டர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சுவரில் அக்கா எழுதிய அளவு இரண்டேகால் இஞ்ச் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மழைக்காலத்துக்கு எட்டு வாரம்தான் இருந்தது.

மனைவி விடவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் ஒளிக்க முடியுமா? கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டதும் அவளுக்குத் திட்டக்கூட வரவில்லை.

"உரசி எடுத்தீங்களா? நாற்பத்தொன்னையுமா?"

"சுண்ணாம்பு நிக்கணும்ல."

"என் தம்பியை வாழ்நாள் பூரா திட்டிக்கிட்டு இருந்தீங்களே. பாருங்க, அவனால முப்பத்தாறு குடும்பம் பொழைச்சுது."

மச்சினனும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெயின்டரின் மனைவி முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டான். "என் வேலை இதுவரைக்கும் இப்படி உருப்பட்டதே இல்ல மாமா" என்று மட்டும் சொன்னான். பெயின்டருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டார்கள். கடைசியில் தணிக்கைத் துறையிலிருந்து ஓர் அம்மா வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரையும் வைத்துப் பொது விசாரணை நடத்தப் போவதாகவும், வெளிநாட்டுப் பிரதிநிதியும் கூட உட்காரப்போவதாகவும் அறிவிப்பு ஒட்டினார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் காலையில் கண்காணிப்பாளர் பெயின்டர் வீட்டுக்கே வந்தார். அவர் இதற்கு முன்னால் யார் வீட்டுக்கும் நடந்து வந்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, வர்ணம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

"புதுசா முந்நூறு வீடு கட்டப்போறோம். எல்லாத்துக்கும் பெயின்ட், நம்பர், பலகை. ரெண்டு வருஷ வேலை. வேற ஆளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல."

"சரிங்க சார்."

"நாளைக்குக் கூட்டத்துல யாராவது ஏதாவது கேட்பாங்க. உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லல. ஞாபகம் இல்லன்னா இல்லதானே?"

அவர் போனபிறகு மனைவி நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தாள். ரெண்டு வருஷ வேலை என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு சுவருக்கு வர்ணம் அடிக்க நினைக்கிறவர்கள் ஊரில் எத்தனை பேர்? கடைசியாகக் கூலி வந்து இருபது நாள் ஆகியிருந்தது. அதெல்லாம் தெரிந்தும் அவள் சொன்னாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. அந்தச் சுவர் விழுந்து புள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்களோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது."

பள்ளி மண்டபத்தில் மறுநாள் காலை பத்து மணிக்கே இடமில்லை. மேடையில் ஒரு நீள மேசை. நடுவில் தணிக்கை அம்மா. நரைத்த தலை, சாதாரணப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு ஒரு பக்கம் வெளிநாட்டுப் பிரதிநிதி, அவர் காதருகில் மொழிபெயர்ப்பாளர். இன்னொரு பக்கம் கண்காணிப்பாளர், கோப்புகளோடு. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். எங்கள் வீட்டில் எண் எழுதினார்கள், சிவப்பில் எழுதினார்கள், வட்டம் போட்டு எழுதினார்கள்.

கண்காணிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத் தேன் தடவிச் சொன்னார். "இவங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பக்கத்துத் தெருவுல எண் இருக்கு, இங்க இல்ல. ரெண்டு தெருவுக்கும் ஒரே மழைதான் பெஞ்சுது. உதவி வருதுன்னு தெரிஞ்சா நாலு பேர் ஆசைப்படுறது சகஜம்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா எழுந்து, "நாங்க பொய் சொல்றோமா சார்?" என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பொய்க்காரி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு அங்குலத் துணியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுகிற பொம்பளை அவள்.

பெயின்டர் பின்வரிசையில் நின்றிருந்தார். கால் தானாக நடந்தது. மேடைக்கு முன்னால் போய் நின்றதும்தான் தான் நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

"அம்மா, எண்ணை அழிச்சது நான்."

தணிக்கை அம்மா கண்ணாடியை மேலே தள்ளினார்.

"நீங்க யாரு?"

"பெயின்டர்ங்க. எழுதுனதும் நான்தான். அழிச்சதும் நான்தான்."

"எதால அழிச்சீங்க?"

"முதல்ல தகடு. அப்புறம் எண்பதாம் நம்பர் உப்புத்தாள்."

"அப்படி உரசச் சொன்னது யாரு?"

"உரசச் சொல்லி யாரும் சொல்லலம்மா. வெள்ளை அடிக்கத்தான் சொன்னாங்க. உரசுனது நானா. எனாமல் மேல சுண்ணாம்பு நிக்காதும்மா. என் மச்சினன் அப்படியே அடிச்சான், அதான் அந்தத் தெருவுல உதிர்ந்து நம்பர் வந்துருச்சு. இங்க வராது. எத்தனை மழை பெஞ்சாலும் வராது. நான் வேலை செஞ்சேன்னா வராது."

கடைசி வாக்கியத்தில் அவரையும் மீறி ஒரு பெருமை ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "அடப்பாவி!" என்றார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் பறந்து வந்தது. அக்காவின் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கண்காணிப்பாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது கிடைக்கும்? நாற்காலி பின்னால் நகர எழுந்து நின்றார்.

"கேட்டீங்களாம்மா? அவர் வாயாலேயே சொல்லிட்டாரு! எண்ணை எல்லாம் அழிச்சது இந்த ஆளு. நாற்பத்தொரு வீட்டு எண்ணையும் இவன் ஒருத்தன் அழிச்சிருக்கான். ஆபீஸ் மேல ஒரு தப்பும் இல்ல!"

தணிக்கை அம்மா பேனாவை எடுத்தார்.

"அப்ப எண் இருந்துச்சு."

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

"நாற்பத்தொன்னுன்னு எண்ணிக்கையும் சொல்லிட்டீங்க. கவனக்குறைவால சேர்ந்த வீடுகள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அது எந்த வீடுகள்? இந்த நாற்பத்தொன்னா, வேறயா?"

பெஞ்சு தட்டுகிற சத்தமும் விசிலும் எழுந்து, பள்ளிக்கூடம் அதன் ஆயுளில் கேட்டிராத ஆரவாரமாக இருந்தது. கண்காணிப்பாளர் உட்காரத் தேடினார். நாற்காலி ஓரடி பின்னால் இருந்தது. அன்றைக்கு அவர் தொலைபேசி இல்லாமலேயே வெகுநேரம் நின்றார். வெள்ளை அடிக்கச் சொன்னது யார் என்று தணிக்கை அம்மா அடுத்ததாகக் கேட்டார். மேலிடத்தில் சொன்னார்கள் என்று பதில் வந்தது. மேலிடத்தில் யார் என்று கேட்டார். அந்தப் பெயர் வெளியே வர முக்கால் மணி நேரம் பிடித்தது, ஆனால் வந்தது.

வெளிநாட்டுப் பிரதிநிதி மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். வெள்ளைச் சுவரைப் பார்க்கத் தாங்கள் வரவில்லை என்றார். "ஆனால் நான் அன்றைக்குக் காரைவிட்டு இறங்கியிருந்தால் சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பேன். இறங்காதது என் தப்பு" என்றார். ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் அதுவரை இருந்த கோபம் பாதி குறைந்தது. அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் தப்பு என்ற சொல்லைத் தன்னோடு சேர்த்துச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. பிறகு அவர் பெயின்டரிடம் கேட்டார், இடிக்கப்போகிற சுவருக்கு ஏன் இத்தனை நல்ல வேலை செய்தீர்கள் என்று.

பெயின்டர் கொஞ்சம் யோசித்தார். "வேற மாதிரி செய்யத் தெரியாதுங்க."

அடுத்த வாரமே வேறு பொறியாளர் இரண்டு பேர் வந்து ஒவ்வொரு வீட்டையும் புதிதாகப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றும் பட்டியலில் ஏறின. கண்காணிப்பாளர் இடம் மாறினார். மேலிடத்துக்காரருக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். முந்நூறு வீட்டு வேலை பெயின்டருக்குக் கிடைக்கவில்லை, வேறு யாருக்கோ போய்விட்டது. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்கு மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் அவருக்குப் பசித்தது. பல நாளாகப் பசி என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த மனிதர் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பகலிலேயே தூங்கிப்போனார்.

அக்கா மட்டும் பேசவில்லை. தெருவே அவரை மன்னித்துவிட்டது. சிலர் கிண்டலாகக் கும்பிடுகூடப் போட்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண் அழிந்ததற்காக இல்லை. அதை அவள் மண்டபத்திலேயே மன்னித்துவிட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மூன்று நாள் கை உரிய உரிய அவள் தேய்த்தபோது, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே பக்கத்தில் நின்றானே, ஊறட்டும் என்றானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பெயின்டர் தினமும் போனார். மூட்டை தூக்கினார், மெஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றினார், பக்கத்துத் தெருவில் பிடித்த தற்காலிக அறைக்குச் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவள் பிள்ளைகளிடம் பேசுவதுபோல் அவருக்கு வேலை சொன்னாள். "அந்தப் பெட்டியைக் கீழ வைக்கச் சொல்லு." அவர் வைப்பார்.

மழைக்கு மூன்று வாரம் முன்னால் பதினேழாம் வீட்டை இடிக்க ஆட்கள் வந்தார்கள். காலை ஒன்பது மணி. தெருக்காரர்கள் எதிர்ப்பக்கம் கூடி நின்றார்கள். கயிறு, கடப்பாரை, நாலு ஆள். பின்சுவரில் முதலில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி இழுக்கலாம் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்கிச் சுவர்மேல் சாய்த்து வைத்தான்.

அவ்வளவுதான் செய்தான். சுவர் முழுசாக உள்பக்கம் சாய்ந்தது. வெடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பலகைபோல் அறைக்குள் விழுந்தது. கூரையின் பாதியும் கூடவே வந்தது. சத்தம் அடங்கிப் புழுதி இறங்க நேரமானது. இறங்கியபிறகு வாசல் வழியே பார்த்தால், ஆறு நாளைக்கு முன்னால்வரை மூன்று பாய்கள் விரித்திருந்த தரை முழுக்க ஆள் உயரத்துக்குச் செங்கல்.

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இளைய பெண் அழ ஆரம்பித்தாள். அக்கா நின்ற இடத்திலேயே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் குந்தினார். தோளைத் தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டிப் பாதியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சொரசொரப்பு ஆறாத விரல்கள். பிடி வலித்தது.

"நல்லவேளைடா" என்றாள். "நல்லவேளை நீ சொல்லிட்டே."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள், தெரு நடுவில், ஊர் பார்க்க. புழுதி அப்பிய சட்டையைத் துடைக்க வேண்டும் என்றுகூட அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.